மேட்டில் நின்ற பனி வண்டி

மேல் கேம்ப்,
இமாசலப் பிரதேசம்
18-11-1986

அன்புள்ள மாமாவுக்கு,

முனிசாமி எழுதுவது. நானும் வெங்கடப்பனும் உயிரோடும் விறைத்த கை கால்களோடும் இருக்கிறோம். அக்காவும் நீங்களும் ஓசூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் கடிதமே போடுவதில்லை என்று அக்கா திட்டியதாக எழுதியிருந்தீர்கள். பேனாவில் மை உறைந்துபோகிறது மாமா. அடுப்பில் காட்டிக் காட்டி எழுத வேண்டியிருக்கிறது. நம்பினால் நம்புங்கள்.

சுரங்க வேலை குளிர்காலத்திலும் நிற்காதாம். ரோடு பனியில் மூடிவிட்டதால் கீழ் கேம்ப்பிலிருந்து அரிசி, டீசல் எல்லாம் இனிமேல் பனி வண்டியில்தான் மேலே வர வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. எஞ்சின் நம் பைக்குகளில் இருப்பது போல டூ ஸ்ட்ரோக். சக்கரமில்லாத ஒரு தட்டு வண்டியைப் பின்னால் கட்டி இழுக்கும். காண்ட்ராக்டர் எங்கேயோ பழசாகப் பிடித்து வந்தார். கேம்ப்பில் மெக்கானிக் நான் ஒருத்தன்தான் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

கடைசி மேட்டில் சுமையோடு ஏறமாட்டேன் என்கிறது. இந்த உயரத்தில் காற்று மெலிசு. நமக்கே மூச்சு வாங்குகிறது, எஞ்சினுக்கும் அப்படித்தான். அதனால் மேட்டடியில் சுமையை இறக்கி ஆட்கள் முதுகில் ஏற்றுகிறார்கள். வெங்கடப்பனும் அதில் ஒருத்தன். டீசல் டின்னைக் கயிறு போட்டுச் சுமந்து அவன் தோள் இரண்டும் புண். நாகரசம்பட்டி மாந்தோப்புகளில் நுனிக்கிளை வரை போய் ஒரு காய் அடிபடாமல் இறக்குகிறவன். கால் விரலாலேயே கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பார்த்திருக்கிறீர்கள். நல்ல வேலை, நல்ல சாப்பாடு என்று ஆசை காட்டி இவனைக் கூட்டி வந்தது நான். "கூட்டிக்கினு போற மாதிரியே கூட்டிக்கினு வந்து விடறேன்" என்று அவன் பெண்டாட்டி செல்வம்மாளிடம் நான் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

பெங்களூர் ரேஸ்காரன் ஒருத்தன் பைக்குக்குச் சிரிப்பு வாயு வைத்துக் கொடுத்தீர்களே, ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கிற அந்த வாயு. அதை எஞ்சினுக்குள் விட்டால் காற்றுப் பற்றாக்குறையே தெரியாது என்று ராத்திரிச் சோறு ஆறிப்போகிற வரை பேசினீர்கள். இங்கே டிஸ்பென்சரியில் பழைய டாக்டர் விட்டுப்போன நீல சிலிண்டர்கள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர். எப்படி மாட்டுவது, என்ன சாமான் வேண்டும் என்று எழுதுங்கள். கடிதமும் பார்சலும் பனி விட்டால்தான் வரும். அவசரம் என்றால் தந்தி கொடுங்கள், கீழே ஆபீசில் வாங்கி அன்றைக்கே வயர்லெஸ்ஸில் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

வெங்கடப்பன் சொல்லச் சொல்ல செல்வம்மாளுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவனுக்கு எழுத வராது, அவளுக்குப் படிக்க வராது. வழக்கம்போல நீங்கள் ஊருக்குப் போகிறபோது படித்துக் காட்டுங்கள். தோள் புண்ணைப் பற்றி அதில் இல்லை. வேண்டாம் என்றான்.

முனிசாமி

ஓசூர்
2-12-1986

மாப்பிள்ளைக்கு,

மாமன் சௌந்தரராஜன். உனக்கு என் ஞாபகம் வர வேண்டுமென்றால் வண்டி மேட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். கிரஷர் எஞ்சினில் பிஸ்டனைத் திருப்பிப் போட்டவன் கையில் சீமை வண்டியைக் கொடுத்த காண்ட்ராக்டரை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாயு தானாக எரியாது. பெட்ரோல் எரிவதற்கு ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான். எவ்வளவு வாயு விடுகிறாயோ அதற்குத் தகுந்த பெட்ரோலும் கூட விட வேண்டும். வாயு அதிகமாகிப் பெட்ரோல் பற்றாமல் போனால் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே இரண்டு குழாய், இரண்டு ஜெட். நடுவில் ஊசித் துளை போட்ட பித்தளைத் திருகுதான் ஜெட். ஒன்று வாயுவுக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. எது எது என்று சீட்டுக் கட்டியிருக்கிறேன். கைப்பிடியில் பொத்தான். மேட்டில் மட்டும் அழுத்து, சமதளத்தில் விளையாட்டுக் காட்டாதே. பெட்ரோலில் ஆயில் கலக்காமல் விட்டுத் தொலைக்காதே.

இந்த ஜெட்டுகளை நானே லேத்தில் கடைந்தேன். எங்கள் முதலாளி பார்த்துவிட்டுத் தெலுங்கில் நாலு வார்த்தை வைதார், பிறகு அவரே பித்தளைக் கம்பி எடுத்துக் கொடுத்தார். ரேஸ்காரனிடம் மிச்சமிருந்த சிலிண்டரை வாங்கி என் பைக்கில் மாட்டி சானமாவுக் காட்டுப் பக்கம் ரோட்டில் விட்டுப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினதும் வண்டி என்னை இறக்கிவிட்டுத் தனியாகப் போகப் பார்த்தது. ஃபாரஸ்ட் கார்டு வழிமறித்து, "யானை தொரத்துனாக்கூட இப்பிடி யாரும் ஓட்றதில்லைங்க" என்றார்.

ஆக, அளவு எல்லாம் பார்த்து வைத்தது. நீ உன் மூளையைச் செலவழிக்காமல் மாட்டினால் போதும். சிப்காட் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், நம்ம கை ஜெட் இமயமலை ஏறப்போகிறது என்று. பேரைக் கெடுத்துவிடாதே.

செல்வம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னாள். உன் அக்கா சாந்தம்மா கம்பளிக் காலுறை பின்னுகிறாள், கீழ் கேம்ப்புக்கு வரும்.

சௌந்தரராஜன்

மேல் கேம்ப்
20-12-1986

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. நீங்கள் எழுதினபடியே மாட்டினேன், ஒரு மரை கூட மாற்றவில்லை.

வாயு வரவில்லை. பொத்தானை அழுத்தினால் கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போய் எஞ்சின் புகை தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. மேனேஜர், ஸ்டோர்க்காரர், பீகார் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்திருந்தேன். உன் மாமா அனுப்பின சாமானா என்று மேனேஜர் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுபடியும் வெங்கடப்பன் முதுகில் டின் ஏறிவிட்டது. போகிறபோது என் தோளைத் தட்டி, "உடுடா, நடந்தா ஒடம்பு சூடாவுது" என்றான்.

சிலிண்டரில் வாயு இருக்கிறது, எடை போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் அளவில்தான் ஏதோ தப்பு இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முனிசாமி

ஓசூர்
2-1-1987

முனிசாமிக்கு,

என் அளவில் தப்பில்லை. ஓசூர் ரோட்டில் ஓடினது அங்கே ஓடவில்லை என்றால் மாட்டினவன் தப்பு. குழாயை எங்கேயாவது நசுக்கியிருப்பாய். இருபது வருஷமாக லேத்தில் நிற்கிறவனுக்கு நேற்று ஸ்பானர் பிடித்தவன் அளவு சொல்லிக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது.

போகட்டும். உன் அக்கா மூஞ்சிக்காக இன்னொன்று செய்கிறேன். வாயு ஜெட்டின் துளையைப் பெரிசாக்கி வேறொன்று கடைந்து அனுப்பியிருக்கிறேன். வாயு வரவில்லை என்றாயே, இதில் வராமல் எங்கே போகும் பார்க்கிறேன். பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டு. பெட்ரோல் ஜெட்டைத் தொடாதே. உன் மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

டீக்கடையில் ஜெட் என்னாச்சு என்று தினமும் கேட்கிறார்கள். மலை ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஏற்று.

சௌந்தரராஜன்

மேல் கேம்ப்
4-1-1987

அன்புள்ள மாமாவுக்கு,

போன கடிதத்தில் உங்கள் மேல் பழி போட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும். தப்பு உங்கள் அளவிலும் இல்லை, என் கையிலும் இல்லை. குளிர்தான். ஓசூர் வெயிலில் சிலிண்டருக்குள் வாயு நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே அது சுருண்டு படுத்துக் கிடக்கிறது, வெளியே வர மனசில்லை. நாம் இரண்டு பேரும் குளிரே தெரியாத ஊர்க்காரர்கள், நமக்கு எப்படித் தோன்றும்?

சிலிண்டரைப் பின்னாலிருந்து எடுத்து சைலென்சர் பக்கத்தில் தகரம் வைத்துக் கட்டினேன். கொஞ்ச தூரம் ஓடினதும் அதற்குச் சூடு பிடிக்கிறது. நேற்று பொத்தானை அழுத்தினேன். முழுச் சுமையோடு மேட்டின் உச்சிக்குப் போய்த்தான் வண்டி நின்றது. வெங்கடப்பன் கீழேயிருந்து விசில் அடித்தான். இரண்டு நாளாக யார் முதுகிலும் டின் இல்லை. அவன் தோள் காய ஆரம்பித்துவிட்டது.

டீக்கடையில் சொல்லுங்கள், உங்கள் ஜெட் மலை ஏறிவிட்டது. இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம். இந்த அளவே கச்சிதம்.

முனிசாமி

ஓசூர்
19-1-1987

மாப்பிள்ளை முனிசாமிக்கு,

உன் 4-ந் தேதிக் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. சிலிண்டருக்குச் சூடு காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, மாமன் ஒப்புக்கொள்கிறேன். உன் அக்கா இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பொங்கல் நன்றாக நடந்தது. நேற்று நாகரசம்பட்டிப் பக்கம் எருது விட்டார்கள். ஒரு மாட்டுக்காரன் மாட்டுக்குச் சாராயம் ஊற்றிவிட்டான் போல, அது ஓட வேண்டிய பக்கம் ஓடாமல் பந்தலுக்குள் புகுந்து மைக் செட்காரனைத் தூக்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. செல்வம்மாளையும் அங்கே பார்த்தேன், புதுச் சேலை கட்டியிருந்தாள், வெங்கடப்பன் அனுப்பின பணத்தில் எடுத்ததாம். இனிமேல் வண்டியே மேடு ஏறும், உன் வீட்டுக்காரன் ராஜா மாதிரி தட்டு வண்டியில் உட்கார்ந்து போவான் என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சிப்காட்டில் புதுக் கம்பெனி ஒன்று வருகிறது. எங்கள் முதலாளி அதற்கும் சாமான் செய்ய ஆர்டர் பிடிக்க அலைகிறார். நீ திரும்பி வந்தால் சேர்த்துவிடுகிறேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. பெரிய துளை போட்ட ஜெட் ஒன்று அனுப்பியிருந்தேன், அது வந்தால் மாட்ட வேண்டாம், அப்படியே வைத்துக்கொள். சூடும் இருந்து துளையும் பெரிசாக இருந்தால் வாயு அளவு மீறலாம். உனக்கே தெரியும்.

சௌந்தரராஜன்

கீழ் கேம்ப்
27-1-1987

மாமாவுக்கு,

இத்துடன் செல்வம்மாளுக்கு ஒரு தாள் இருக்கிறது. அதை அவளிடம் படியுங்கள். இதைப் படிக்காதீர்கள்.

போன புதன்கிழமை உங்கள் பார்சல் வந்தது. பெரிய துளை ஜெட். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதை மாட்டியிருக்க வேண்டியதே இல்லை. மாட்டாமல் வைத்தால் நீங்கள் திட்டுவீர்கள் என்று ஒரு நினைப்பு. இதையும் மாட்டினால் இன்னும் வேகமாக ஏறும், மேனேஜர் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. இரண்டாவதுதான் பெரிசாக இருந்தது. சிலிண்டர் சைலென்சர் பக்கத்திலேயே இருந்தது. மாட்டினேன்.

சாயங்காலம் கடைசி நடை. பின்னால் தட்டு வண்டியில் அரிசி மூட்டைகளும் அவற்றின் மேல் வெங்கடப்பனும். நான்தான் உட்காரச் சொன்னேன். இவ்வளவு நாள் சுமந்தாய், இன்றைக்கு உட்கார்ந்து வா என்றேன். கிளம்புகிற நேரத்தில் ஸ்டோர்க்காரர் இன்னொரு மூட்டை கொடுத்தார், அதை அவன் மடியில் வைத்துக்கொண்டான். மேட்டில் பொத்தானை அழுத்தினேன். மாமா, அப்படி ஒரு வேகம் நான் பார்த்ததில்லை. அவன் பின்னாலிருந்து கத்திச் சிரித்தான். பாதி மேட்டுக்கு மேல் போனதும் டப் என்று ஒரு சத்தம், எஞ்சின் செத்துவிட்டது. பிஸ்டன் நடுவில் ஓட்டை விழுந்து மெழுகு மாதிரி உருகியிருந்தது. பிற்பாடு அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நோவுக்கு நீங்களும் மருந்து கொடுத்தீர்கள், நானும் கொடுத்தேன், இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டேன்.

பனிக்காற்று பிடித்துக்கொண்டது. நடந்து இறங்கினோம். அவனுக்கு ரப்பர் பூட்ஸ்தான், உள்ளே பனி புகுந்துவிட்டது. வழியெல்லாம் "வலிக்கலடா, கால் இருக்கறதே தெரியல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நல்லது என்று நினைத்தேன். பொழுது விடிந்து பார்த்தால் விரல்கள் கருத்துவிட்டன.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வலது காலில் எல்லா விரலும். இடது காலில் பெருவிரல் மட்டும் நின்றிருக்கிறது.

செல்வம்மாளின் தாளில் காலில் சின்னக் காயம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

முனிசாமி

ஓசூர்
9-2-1987

முனிசாமி,

எனக்குக் கை ஓடவில்லை. சிலிண்டரைச் சூட்டில் கட்டினவன் எப்படி அந்த ஜெட்டையும் மாட்டுவாய்? வாயு மிஞ்சினால் பிஸ்டன் உருகும் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேனா இல்லையா? இந்த அளவே கச்சிதம் என்று நீயே எழுதினாய். பிறகு ஏன் தொட்டாய்?

நாகரசம்பட்டிக்குப் போய் நீ எழுதின தாளைப் படித்தேன். செல்வம்மாள் கேட்டுவிட்டு, "எந்தக் காலுங்கண்ணா?" என்றாள். தாளில் அது இல்லை. இடது கால் என்று சொல்லிவிட்டேன். "அதானே, வலது காலுன்னா மரமேற முடியாதே, அவரு அந்தக் காலத்தான் மொதல்ல எடுத்து வப்பாரு" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறபோது அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

இந்த வருஷம் பூ நன்றாக எடுத்திருக்கிறதாம், பறிப்புக்குள் வந்துவிடுவாரா என்று கேட்டு எழுதச் சொன்னாள். நீயே பதில் சொல்.

டீக்கடைப் பக்கம் போவதில்லை. உன் அக்காவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

சௌந்தரராஜன்

கீழ் கேம்ப்
23-2-1987

மாமாவுக்கு,

உங்கள் 9-ந் தேதிக் கடிதமும் 19-ந் தேதிக் கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. ரோடு மூடியிருந்ததில் பழையது வழியில் எங்கேயோ கிடந்திருக்கிறது.

19-ந் தேதிக் கடிதத்தைத்தான் பல தடவை படித்தேன். பொங்கல், எருது, மைக் செட்காரன், புதுச் சேலை, புதுக் கம்பெனி. எல்லாம் முடிந்து கடைசியில், அந்த ஜெட்டை மாட்ட வேண்டாம். சனிக்கிழமையே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது மாமா. புதன்கிழமைதான் நான் மாட்டினேன். தந்தி என்றால் அன்றைக்கே காதில் விழும் என்று எழுதியிருந்தேனே. ஏன் தொட்டாய் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் நான் செய்திருப்பது அதைவிடக் கேவலம்.

எஞ்சின் எப்படிப் போனது என்று மேனேஜர் விசாரித்தார். சுமை அதிகமாகிவிட்டது, கிளம்புகிற நேரத்தில் ஒரு மூட்டை கூடிவிட்டது என்றேன். ஜெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அது ஆஸ்பத்திரிக்குப் போய் வெங்கடப்பன் காதிலும் விழுந்துவிட்டது. அந்த மூட்டையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டவன் அவன்தானே. தான் உட்காராமல் நடந்து வந்திருந்தால் வண்டி ஏறியிருக்கும், என் வண்டியைத் தான்தான் உடைத்துவிட்டோம் என்று நம்பிவிட்டான். நான் போகிறபோதெல்லாம் படுத்த வாக்கிலேயே கையெடுத்துக் கும்பிடுகிறான். "ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதேடா? எம்மேல சொல்லிடு" என்கிறான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அதைச் சொல்லும்போது பெருந்தன்மையாக மன்னிக்கிறவன் மாதிரி என் குரல் இருக்கிறது. என் காதிலேயே விழுகிறது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் போகிறேன். கும்பிட்டுவிடுகிறான், சொல்லாமலே திரும்பிவிடுகிறேன்.

முனிசாமி

ஓசூர்
9-3-1987

முனிசாமிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், சனிக்கிழமை உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் தபாலாபீசு வரை போனேன். தந்திக் காகிதமும் வாங்கினேன். "புது ஜெட் மாட்டாதே, சௌந்தரராஜன்" என்று எழுத வேண்டும். கவுண்டரில் இருக்கிறவர் எங்கள் டீக்கடை ஆசாமி, அந்த ஜெட் கதையெல்லாம் கேட்டவர். அவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். முனிசாமிக்கு மூளை இருக்கிறது, மாட்டமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மூளையை நான் நம்பின ஒரே நாள் அதுதான். அதிலும் இரண்டு நாள் கழித்து எழுதின கடிதத்தில், தப்பு செய்தவன் மாதிரி தெரியக் கூடாது என்று ஜெட் விஷயத்தைக் கடைசியில் சொருகினேன். வெங்கடப்பன் விரல்கள் போனது அதில்தான். உன் மேல் போட்ட பழியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் முதலில் உன் அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க போய் செல்வம்மாகிட்டச் சொல்லுங்க, நானும் கூட வர்றேன்" என்றாள். கூட வர வேண்டாம் என்று தனியாகத்தான் போனேன். அவள் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிற மாதிரி இருக்கும்.

செல்வம்மாள் தோப்பில் பிஞ்சுக்கு மருந்து அடிக்கிற இடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். குடத்தை இறக்கிவிட்டு, "கடுதாசி வந்துச்சுங்களாண்ணா?" என்றாள். கடுதாசி இல்லையம்மா என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். எந்தக் கால், எத்தனை விரல், துளை, தந்தி, மூட்டை, அவன் உன்னைக் கும்பிடுவது வரை. நின்றுகொண்டே கேட்டவள் பாதியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒடைச்சது நீங்க ரெண்டு பேரும். அவரு தாந்தான் ஒடைச்சேன்னு நெனச்சிக்கினு படுத்திருக்காரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"எனக்குச் சொன்னது அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல அவருகிட்டச் சொல்லச் சொல்லுங்க. வெரலு போனதக்கூட பொறுத்துக்குவாரு. அடுத்தவன் பொருள ஒடைச்சிட்டோம்னா அவருக்குச் சோறு எறங்காது" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "இதுவரைக்கும் படிச்ச கடுதாசியெல்லாம் எங்கிட்டக் குடுத்துடுங்க. டீச்சரம்மாகிட்ட மறுபடியும் படிச்சிக் கேக்கறேன். இனிமே வர்றதையும் அவங்ககிட்டயே குடுத்துக்கறேன். நீங்க மெனக்கெட வேண்டாம்."

பையில் இருந்ததை எல்லாம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். இந்த வயசில் என்னை யாரும் அப்படி வாசலுக்கு வெளியே நிறுத்தினதில்லை. அவள் ஒரு கெட்ட வார்த்தை கூடச் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மேனேஜரிடமும் சொல். வேலை போனால் போகட்டும், இங்கே ஒரு வாய் கஞ்சிக்கு நான் பொறுப்பு. அவனைக் கூட்டிவர நானே அங்கே புறப்பட்டு வருகிறேன். நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்த பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் அவன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது.

சௌந்தரராஜன்

டவுன், ஆஸ்பத்திரி வராந்தா
24-3-1987

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

காலையில் மேனேஜரிடம் போய் ஜெட், சூடு எல்லாவற்றையும் சொன்னேன். சுமையால் இல்லை, என்னால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரோடு திறந்ததும் கிளம்பிக்கொள் என்றார். சரி என்றேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

என்னைப் பார்த்ததும் வெங்கடப்பன் வழக்கம்போலக் கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கும்பிடாதே, வண்டியை உடைத்தது நீயில்லை என்று ஆரம்பித்தேன். அவனுக்கு ஜெட் புரியவில்லை, தந்தி புரியவில்லை. அதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "அப்ப, அந்த மூட்டையால இல்லியா?"

"இல்ல."

"நான் ஒக்காந்ததால இல்லியா?"

"இல்லடா. நீ நடந்து வந்திருந்தாலும் அது ஒடைஞ்சிருக்கும்."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது மாமா. பக்கத்துப் படுக்கைப் பெரியவரைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னான். அவருக்கு விளங்கியதோ என்னவோ, தலையை ஆட்டினார். இந்தப் பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் சொன்னான். நான் உடைக்கவில்லை, நான் உடைக்கவில்லை என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். கட்டுப்போட்ட இரண்டு கால்களும் என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எனக்கு அதற்குப் பதில் நாலு அறை விழுந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பசிக்கிறது என்றான். ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்து கொடுத்தேன். மளமளவென்று சாப்பிட்டான். இன்னும் இரண்டு ரொட்டி கேட்டான். செல்வம்மாளுக்கு எல்லாம் தெரியும், அவள்தான் முதலில் உன்னிடம் சொல்லச் சொன்னாள் என்றேன். "அவ அப்பிடித்தான்" என்று சிரித்தான்.

கடைசி ரொட்டியைப் பிட்டவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து பழகுகிறோம், அப்படி என்னை அவன் பார்த்ததில்லை.

"நீ வர்றப்பல்லாம் கையெடுத்துக் கும்பிட்டனே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும் என்றேன்.

முனிசாமி